படுக்கை விரிப்பு வாடகையில் சேராது

மே 23, வெள்ளி

இந்த நோட்டின் முன்பக்கம் வகுப்புக்கானது. பக்கத்துக்கு மூன்று பத்தி: ஆங்கிலம், ஃபின்னிஷ், தமிழ். ஹோட்டல் வேலைக்கு வேண்டிய சொற்கள் மொத்தம் இருநூற்று நாற்பது. பெட்ஷீட்டுக்கு லகானா. போர்வைக்குப் பெய்த்தோ. அறைக்கு ஹுவோனே. தமிழ்ப் பத்தியில் பாதி காலியாகக் கிடக்கிறது. ரிசப்ஷனுக்கும் லாண்டரிக்கும் நாம் என்ன சொல்கிறோம்? அதையேதான் சொல்கிறோம்.

பின்பக்கம் இன்றிலிருந்து எனக்கு. மகள் முகை தூங்கிய பிறகு எழுதுகிறேன். மணி பதினொன்று ஆகிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. இந்த ஊரில் கோடைக்காலத்தில் தூங்குவதே ஒரு வேலை.

ஃபின்லாந்தில் இந்தத் தம்பெரே ஊருக்கு வந்து இரண்டு வருடம். கணவன் கிரிக்கு சாஃப்ட்வேர் வேலை. நான் தர்மபுரி அரசுக் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்.ஸி. இங்கே அதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை. மொழி வகுப்பில் சேர்ந்தேன், வகுப்பின் முடிவில் ஆறு வாரம் ஹோட்டலில் பயிற்சி. மூன்றாவது மாடி, ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். என் வேலைக்கு ஃபின்னிஷில் கெர்ரொஸ்ஹொய்தாயா என்று பெயர். மாடியைப் பேணுகிறவர் என்று சொல்லலாம். நர்ஸுக்கும் இதே ஹொய்தாயாதான் வருகிறது. இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கிரிக்கு மட்டும்தான் தெரியும். நம் ஆட்களிடம் ‘ஹோட்டல் ட்ரெயினிங்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரிசப்ஷன் என்று அவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

என் செருப்பு குளியலறைத் தரையில் வழுக்குகிறது என்று சூப்பர்வைசர் பிர்யோ இன்று லாக்கரிலிருந்து ஒரு வெள்ளை ஷூ எடுத்துக் கொடுத்தார். எட்டு வருடத்துக்கு முன் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையதாம். “உங்கள் பக்கத்துப் பெண். ஒரு நாள் வேலை நடுவில் போனவள் திரும்பி வரவே இல்லை” என்றார். கழிப்பறைக் காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்து, கூர்முனையை உள்ளே செருகுகிறோமே, வெற்றிலை மடிப்பது மாதிரி? அது அவள் கொண்டு வந்த பழக்கமாம். இந்த ஊரில் எங்கள் மாடியில் மட்டும்தான் இப்படி.

நேபாளப் பெண்ணாக இருக்கும். ஷூ ஒரு சைஸ் பெரிது.

மே 27, செவ்வாய்

முகைக்குக் காய்ச்சல், 37.8. டேகேரிலிருந்து போன். ஒன்பது அறை முடித்ததோடு ஓடி வந்தேன். மீதி ஐந்தையும் பிர்யோவே முடித்துவிட்டாராம். தூங்கும் முகையின் மூச்சை நான்கு முறை பார்த்தாயிற்று.

மே 31, சனி

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

திலகாக்கா வீட்டில் அவர் மகனுக்குப் பிறந்தநாள். திலகவதி, ஈரோட்டுக்காரர், பத்து வருடமாக இங்கே இருக்கிறார். தம்பெரே தமிழர்களுக்குள் பொங்கல் எந்தச் சனிக்கிழமை என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். எல்லாரும் இருந்தார்கள், பதினைந்து பேர். கேக் தட்டை என்னிடம் நீட்டியவர் அப்படியே என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

“ஏங் கண்ணு, ரிசப்ஷன்ல இருக்கறவ கையில இந்த வாசம் எங்கிருந்து வருது?”

“ஹேண்ட் வாஷ்க்கா.”

“எனக்கே கதை சொல்றயா? பச்சை டப்பா. பாத்ரூம் உப்புக்கறைக்குத் தெளிக்கறது. என்னதான் சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது.” திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி: “எம்மெஸ்ஸி படிச்ச புள்ள. கொழந்தையக் கொண்டுபோயி டேகேர்ல அழுக உட்டுட்டு, ஊரான் கக்கூஸ் கழுவுது. ஒண்ணு ரெண்டா, பதினாலு ரூமு!”

யாரோ சிரித்தார்கள். தூத்துக்குடி ரோஸ்லின் மட்டும், “விடுங்கக்கா, வேலைதான” என்றாள். திலகாக்கா விடவில்லை. “கிரி தம்பிக்கு சம்பளம் பத்தலைன்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

கிரி கையில் கேக்கோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கிரியிடம்கூட. எங்கே விசாரித்தாரோ. ஆள் வைத்து விசாரிக்கும் அளவுக்கு என் மேல் என்ன கோபம்?

இதற்குத் திருப்பிக் கொடுப்பேன். எப்படி என்று தெரியவில்லை. கொடுப்பேன்.

ஜூன் 1, ஞாயிறு

கிரி காலையிலிருந்து பேசவில்லை. சாயங்காலம் சொன்னான்: “பயிற்சி முடிஞ்சதும் போதும் தேனு. வெளிய தலை காட்ட முடியல.”

“நான் என்ன திருடினேனா?”

“அப்படிச் சொல்லல. திலகாக்கா ஒருத்தர் வாய் போதும், ஊர் முழுக்க…”

திலகாக்கா, திலகாக்கா. துணி மடித்தேன். முகைக்கு நகம் வெட்டினேன். ஒரு விரலில் சதையோடு பட்டுவிட்டது. அவள் அழுததைவிட நான் அதிகம் அழுதேன்.

ஜூன் 5, வியாழன்

பிர்யோ அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். நிரந்தர வேலை. ஜூலை ஒன்றிலிருந்து. காலை எட்டு முதல் இரண்டு வரை, வாரக் கடைசி வேலை மாதத்துக்கு ஒன்று மட்டும். “உன்னைப்போல் மூலையைப் பார்க்கிறவர்கள் கிடைப்பதில்லை. ஜூன் 26க்குள் சொல்” என்றார்.

இந்த ஊரில் என் பெயரைச் சரியாக உச்சரித்து, நீ வேண்டும் என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல்முறை.

கிரியிடம் சொன்னேன். “அதான் அன்னைக்கே பேசியாச்சே” என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டான்.

ஜூன் 7, சனி

கிடைத்துவிட்டது.

யுஹன்னுஸ் வருகிறது, இவர்களின் நடுக்கோடைப் பண்டிகை. ஊரே மொக்கி என்கிற ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும். திலகாக்கா எங்கள் நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு மொக்கியைப் பார்த்து வைத்திருக்கிறார். காலையில் போன் செய்தார், பிறந்தநாள் விழாவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

“தேனு, லிங்க் அனுப்பியிருக்கறேன் பாரு. ரிசார்ட்டு கண்ணு! ஏரி, ஆவிக்குளியலுக்கு சவுனா. பெட்டு மேல துண்டுல அன்னப்பறவை பண்ணி வெச்சிருக்கறாங்க. பூராம் ஃபின்னிஷ்ல இருக்குது, நமக்கு எங்க தெரியுது? நீதான் படிக்கறயே, ஒரு பார்வை பாத்துச் சொல்லு. புக் பண்ணிரலாமா?”

பார்த்தேன். படங்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில் நான்கு வரிகள்.

படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராது. விருந்தினரே கொண்டுவர வேண்டும்.
குழாய்த் தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டும்.
கழிப்பறை வெளியே, வீட்டிலிருந்து இருபது மீட்டரில்.
கிளம்பும் நாளில் லொப்புசீவோஸ், அதாவது கடைசிச் சுத்தம், விருந்தினர் பொறுப்பு.

முக்கால்வாசிச் சொற்கள் என் நோட்டின் முன்பக்கத்திலேயே இருக்கின்றன. இந்த நாட்டுக்காரர்களுக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை. குடில் என்றால் அப்படித்தான். பெட்டியில் விரிப்போடு போவார்கள், போகும்போது துடைத்துவிட்டு வருவார்கள். நமக்குத்தான் பணம் கட்டினால் மெத்தையில் விரிப்பு தானாக முளைக்கும்.

போன் செய்தேன்.

“படத்துல இருக்கற ஏரி, சவுனா எல்லாம் இருக்குக்கா.”

“பெட்டு?”

“ஒன்பது பெட் இருக்கு.”

“அப்பச் செரி, போட்டர்றேன். என்னதான் சொல்லு, படிச்சவ படிச்சவதான்.”

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

ஜூன் 14, சனி

ரோஸ்லின் கேட்டாள்: “ஏட்டி, அங்க என்னெல்லாம் கொண்டு போணும்?” அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்து நிமிடத்தில் திலகாக்காவுக்குப் போகும். “ஸ்வெட்டர் எடுத்துக்கோ” என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மூன்று விரிப்பு, மூன்று தலையணை உறை, மூன்று துண்டு. இஸ்திரி போட்டு, முகையின் டயப்பர் பையில் அடியில் வைத்தேன். கிரி பார்த்துவிட்டான். “இது எதுக்கு?”

“முகைக்கு ஹோட்டல் பெட்ஷீட் ஒத்துக்காது.”

ஜூன் 20, வெள்ளி

குடிலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சின்ன அறையின் கதவைச் சாத்திவிட்டேன்.

வீட்டுக்காரம்மா ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். சாவியைக் கொடுத்துக்கொண்டே மடமடவென்று பேசினார்: கிணறு அங்கே, கழிப்பறை இங்கே, விரிப்பு கொண்டு வந்திருப்பீர்கள்தானே, ஞாயிறு பன்னிரண்டுக்கு வந்து பார்ப்பேன், இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது. நான் தமிழில் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே திலகாக்காவின் முகம் செத்துவிட்டது. மெத்தையைப் பார்த்திருப்பார். நாங்கள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தோம், ஆனாலும் ஜன்னல் வழியாகத் தெரிந்திருக்கும்.

பிறகு நடந்ததை ஒவ்வொன்றாக எழுத வேண்டும் போல் இருக்கிறது.

திலகாக்காவின் கணவர் ஞானசேகர் அண்ணன் குழாயைத் தேடி வீட்டை இரண்டு சுற்று சுற்றினார். ரோஸ்லின் கழிப்பறைக்குப் போய்விட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தாள். “ஏ ஆத்தி! வெறும் பலகையில ஒரு ஓட்டை. பக்கத்துல ஒரு வாளி மண்ணு. போயிட்டு மண்ணை அள்ளிப் போடணுமாம். நாம என்ன பூனையா?” தண்ணீர் மொள்ள மக் இல்லை. கெட்ச்சப் பாட்டிலைக் காலி செய்து கழுவி, நான்கு குடும்பத்துக்கும் அதுதான்.

“ஏந் தேனு,” என்றார் திலகாக்கா, “நீ படிச்சுப் பாத்தியல்ல?”

“பாத்தேன்க்கா. இங்க எல்லா மொக்கியும் இப்படித்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், பத்து வருஷமா இருக்கீங்களே.”

அவர் விருட்டென்று படுக்கையறைக்குள் போனார்.

மெத்தைகள் வெறுமையாகக் கிடந்தன, கறை கறையாக. ஏரிக்கரையில் போட்டோ எடுக்கத் திலகாக்கா ஏழு புடவை கொண்டு வந்திருந்தார். அதை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் விரித்தார். குழந்தைகளுக்கு மயில்கழுத்து நிறம், தனக்கு அரக்கு. ஜரிகை குத்துகிறது என்று அவருடைய மகன் அழுதது இந்த அறைவரை கேட்டது.

நான் இஸ்திரி போட்ட விரிப்பில் படுத்திருக்கிறேன். மூலையை உள்ளே செருகி, சுருக்கமில்லாமல் இழுத்து, முப்பது நொடியில் போட்டேன். முகை பக்கத்தில். கொசுவும் இல்லை. தூக்கம்தான் வரவில்லை. வெளிச்சம்தான் காரணம்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சுவரில் தொங்கிய பட்டியலைப் படித்தேன். அடுப்புச் சாம்பல், சவுனாவின் பலகைகள், தரைவிரிப்புகள், பாத்திரம், ஜன்னல் விளிம்பு, கழிப்பறை. பிறகு நான் காத்திருந்தது வந்தது.

“நாமெல்லாம் என்னத்த கண்டோம்?” திலகாக்கா என் தோளைத் தட்டினார். “உனக்குக் கைவந்த வேலை கண்ணு. நீ ஒரு ரெண்டு மணி நேரம் கையை வெச்சாப் போதும். கொழந்தைய நான் பாத்துக்கறேன்.”

பதினைந்து நாளாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வசனம்:

“அங்க எங்களுக்கு சூப்பர்வைசர் ஒருத்தர் இருப்பாங்கக்கா. இங்க அது நான். நான் வேலையைப் பிரிச்சுக் குடுக்கறேன், நீங்க செய்யுங்க. முடிஞ்சதும் நான் வந்து பாப்பேன்.”

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிரி, “தேனு…” என்றான். நான் திரும்பவில்லை.

ஆண்களுக்குத் தரைவிரிப்பும் அடுப்பும். ரோஸ்லினுக்குப் பாத்திரம். இன்னொரு குடும்பத்துக்கு சவுனா. “உங்களுக்குக் கழிப்பறைக்கா.”

வாளியையும் பிரஷ்ஷையும் நானே அவர் கையில் கொடுத்தேன். ஞானசேகர் அண்ணன் எழுந்தார். “நான் வேணா…” “நீங்க உக்காருங்க,” என்றார் திலகாக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

கால் மணி நேரத்தில் வந்து நின்றார். நான் போய்ப் பார்த்தேன். கதவின் மேல்சட்டத்தில் விரலை ஓட்டி, பிர்யோ காட்டுவது போல் விரலைக் காட்டினேன். தூசி. “மறுபடியும்க்கா.” எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனார். இரண்டாவது முறை பலகையின் அடிப்பக்கம். அதை யாரும் பார்க்க மாட்டார்கள், வீட்டுக்காரம்மாகூடப் பார்க்க மாட்டார். “மறுபடியும்.” அவருடைய முகம் ரத்தமாகச் சிவந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. இனிப்பு மாதிரி, நாக்கில்கூடத் தெரிந்தது.

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. ஏரிக்கரைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டிருந்தார். நானே போய்க் கதவைத் திறந்தேன்.

மேல்சட்டம் துடைத்திருந்தது. பலகை அடியோடு தேய்த்திருந்தது. உள்மூலையிலிருந்து கதவை நோக்கித் துடைத்துக்கொண்டே வெளியேறியிருக்கிறார், தரையில் ஒரு காலடிகூட இல்லை. காகிதச் சுருள் புதிது. அதன் நுனி முக்கோணமாக மடித்திருந்தது. கூர்முனை உள்ளே செருகியிருந்தது. வெற்றிலை மாதிரி.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சை டப்பா. பதினாலு ரூமு. ‘லகானா’ என்று காதில் விழுந்ததும் வாசலில் மாறிய முகம்.

கை தன் பாட்டுக்குச் செய்திருக்கிறது. கோபத்தில், மூன்றாவது முறை, யோசிக்காமல்.

போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரம்மா வந்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் விட்டுப்போனதில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

முகை டேகேரில் இன்று அழவில்லையாம். உள்ளே ஓடினாளாம். இதற்கும் எனக்கு அழுகை வருகிறது.

இரவு பத்தரை மணிக்குப் படத்தைத் திலகாக்காவுக்கு அனுப்பினேன். படம் மட்டும். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பத்து முப்பத்தொன்றுக்கு நீல டிக்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் இல்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

ஜூன் 25, புதன்

கிரி வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: “திலகாக்கா போன் பண்ணாங்க. உன்னைப் பத்தித்தான். ‘நல்ல வேலை தம்பி, கெடைக்கறது கஷ்டம், தடுக்காதீங்க. அன்னிக்கு நான் பேசுனது தப்பு’ன்னாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களாம். அவங்களே சொல்றாங்கன்னா… போ தேனு. நாளைக்கே ஓகே சொல்லிடு.”

ஒரு மாதமாக நான் சொன்னது இவன் காதில் ஏறவில்லை. அந்தம்மாள் இரண்டு நிமிடம் பேசியது ஏறிவிட்டது. “சரி” என்று மட்டும் சொன்னேன். இவனுக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறேன். இவன் முறை பிறகு.

ஜூன் 26, வியாழன்

பிர்யோவிடம் சரி என்றேன். கட்டிப்பிடித்தார். இவர்கள் கட்டிப்பிடிப்பதே அபூர்வம். “எட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த பெண் பேர் என்ன?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “தீலா. நாங்கள் தீலா என்போம். முழுப்பேர் நாக்கில் வராது.”

ஜூன் 27, வெள்ளி

மதியம் வேலையிலிருந்து வந்த பிறகு, முகை தூங்கும்போது, திலகாக்கா போனில் கூப்பிட்டார்.

“தேனு.”

“சொல்லுங்கக்கா.”

“உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.”

“தெரியும்க்கா.”

“அந்தப் படத்தை அழிச்சிரு கண்ணு. எங்க வூட்டுல அவருக்குத் தெரியும். மத்தவியளுக்குத் தெரிய வேண்டாம்.” பிறகு அவராகவே சொன்னார்: “முன்னூத்திப் பன்னெண்டாம் ரூமு. கதவத் தட்டிட்டு உள்ள போறேன், இவரோட மேனேஜரு சம்சாரம் நிக்கறா. பெங்களூருல இருந்து வந்திருந்தாங்க, முந்தின நாளு எங்க வூட்டுல சாப்பிட்டுட்டுப் போனவ. எங் கையில டாய்லெட் பிரஷ்ஷு. ‘அய்யோ, நீங்களா?’ன்னா. அவ்வளவுதான். கீழ போயி கோட்டை மாட்டுனேன், பனி பூட்ஸைப் போட்டேன், வந்துட்டேன். இவரு ஒரு மாசம் எங்கூடப் பேசல.”

“அப்புறம் ஏன்க்கா எல்லார் முன்னாடியும் என்னை அப்படிச் சொன்னீங்க?”

“உங் கையில அந்த வாசம் வந்துச்சு. எட்டு வருஷம் ஆச்சு. என்னமோ ஆயிப்போச்சு எனக்கு.”

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“ஏங் கண்ணு, அங்க லாக்கர்ல ஒரு வெள்ளை ஷூ கெடக்குதா? முப்பத்தியேழு சைஸு. மொத சம்பளத்துல வாங்குனது. எங் காசுல நானே வாங்குன ஒரே சாமான் அதுதான். இருந்தா…”

என் வேலைப் பை வாசலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷூவின் மூக்கு வெளியே தெரிந்தது.

“இல்லக்கா,” என்றேன். “எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்களாம்.”

“செரி கண்ணு,” என்றார். “செரி. கொழந்தையப் பாத்துக்கோ.”

படத்தை இன்னும் அழிக்கவில்லை. அழிப்பேன். ஒரு மாதம் போகட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் நாள். பதினான்கு அறைகள், 312 உட்பட. எல்லாவற்றிலும் காகித நுனியை மடித்தேன். மடிக்காமல் இருக்கப் பார்த்தேன், கை கேட்கவில்லை.

ஷூவின் நுனியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டேன். மதியத்துக்குள் இடது குதிகாலில் தோல் உரிந்து, வெள்ளை உள்துணியில் ரத்தம். பிர்யோ பார்த்துவிட்டு, என் சைஸில் புதிது வாங்கித் தருகிறேன் என்றார்.

வேண்டாம் என்றேன்.